மீன் மேலே வரும் நேரம்

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை எனத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் விடியும் முன்பே நடக்கப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. காற்று அசையாத புழுக்கமான விடியலில் நீர்ப்பரப்பு முழுக்கச் சிறு வட்டங்கள் எழுந்து எழுந்து கலையும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு மீன்வாய் திறந்து மூடுவது தெரியும். மீனின் உடல் சாய்ந்து, வால் கீழே தொங்கும். கரையில் ஆள் நிழல் விழுந்தாலும் சட்டென்று உள்ளே போகாது. வெயில் ஏறி எட்டு மணி ஆவதற்குள் எல்லாம் மறைந்துவிடும்.

பார்ப்பவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறார்கள். "எவ்வளவு மீன் பாரு" என்று குழந்தைக்குக் காட்டுகிறார்கள். மீன் இருக்கிறது, ஆகவே ஏரி நன்றாக இருக்கிறது என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் நான் இந்தக் காட்சியை அச்சத்தோடுதான் பார்க்கிறேன். விடியலில் மேலே வந்து வாய் பிளக்கும் மீனைப்போல முன்கூட்டியே, காசு செலவில்லாமல், ஓர் ஏரியின் நோயைச் சொல்லும் கருவி வேறு இல்லை. அது சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும்: எந்த மீன் மேலே வந்திருக்கிறது, எந்த நேரத்தில் வந்திருக்கிறது, ஆளைக் கண்டால் ஓடுகிறதா?

மேலே தெரிகிற மீனெல்லாம் துன்பத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில மீன்களுக்கு மேல்மட்டமே குடியிருப்பு. கொசுவை ஒழிக்கக் கிணறுகளிலும் குட்டைகளிலும் விடப்படும் கம்பூசியா, கப்பி ஆகிய சிறு மீன்களுக்கு வாய் மேல்நோக்கி அமைந்திருக்கும். கொசுப்புழு மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தே தீர வேண்டும் என்பதால், அதைப் பிடிக்கும் மீனும் அங்கேயே காத்திருக்கிறது. நம் குட்டைகளிலும் வாய்க்கால்களிலும் காலங்காலமாக இருந்துவரும், நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் அப்லோகைலஸ் இனச் சிறு மீன்களும் அப்படித்தான். வளர்ப்பு மீன்களில் கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை மேய்வது. மழை விட்ட மாலையில் ஈசல் விழும்போதும், கோயில் குளத்தில் பொரி இறைக்கும்போதும் மற்ற மீன்களும் ஓடி வரும். இவையெல்லாம் தீனிக்காக வருகிறவை. துள்ளலோடு வரும், கையை ஆட்டினால் ஒரே நொடியில் மறைந்துவிடும்.

இன்னொரு கூட்டம் காற்றையே நேராக விழுங்கிச் சுவாசிக்கிறது. நம் நாட்டு ஏரிகளின் தலைமகனான விரால் இந்த வகை. அதற்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள் ரத்தநாளங்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து ஒரு மடக்குக் காற்றை எடுத்து அந்த அறையில் அடைத்துக்கொண்டு கீழே போகும். மேலே வர விடாமல் நீருக்கடியிலேயே அடைத்து வைத்தால், தண்ணீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விரால் மூச்சடைத்துச் செத்துவிடும். அது மேலே வருவது கண்ணிமைக்கும் நேர வேலை. 'களக்' என்று ஒரு சத்தம், ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேல்மட்டத்தில் நெளிந்துகொண்டிருந்தால் அவற்றுக்குக் கீழே பெற்ற விரால் காவல் நிற்கிறது என்று தூண்டில்காரர்களுக்குத் தெரியும். அந்தத் திரளுக்குப் பக்கத்தில் தூண்டில் போடுவது பாவம் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காற்றை விழுங்கும் இன்னொரு மீனான பனையேறிக் கெண்டையின் கதை தமிழ்நாட்டிலிருந்தே உலகத்துக்குப் போனது. தரங்கம்பாடியில் டேனிஷ் ஆட்சிப் பணியில் இருந்த டால்டார்ஃப் என்பவர், ஒரு குளத்தை ஒட்டி நின்ற பனையில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக 1791ஆம் ஆண்டு நிகழ்வொன்றை எழுதினார். அந்தக் குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. மீன் உண்மையிலேயே மரம் ஏறியதா, பறவை தூக்கி வந்து போட்டதா என்ற விவாதம் அதன்பின் நெடுங்காலம் நடந்தது. பறவைதான் என்று சொன்னவர்கள் பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் ஈரத் தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி அது ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்பதில் ஐயமில்லை. தேளி மீனுக்கோ முதுகுத் தசைக்குள் நீண்டு செல்லும் காற்றுப்பைகளே உண்டு.

இத்தனை காற்றுச் சுவாச மீன்கள் ஒரே வட்டாரத்தில் இருப்பது தற்செயலாக நேர்ந்ததில்லை. ஆழமில்லாத, கோடையில் சூடேறி வற்றிப்போகும் நீர்நிலைகள் நம்முடையவை. ஆக்சிஜன் குறைவது இங்கே மனிதன் கொண்டுவந்த புதுமை இல்லை. வெயிலோடும் வறட்சியோடும் பல லட்சம் ஆண்டுகள் வாழ்ந்த மீன்கள் அதற்கேற்ற உறுப்புகளோடு இருக்கின்றன. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த கூட்டத்தைப் பற்றிப் பேச முடியும். நாம் கவலைப்பட வேண்டிய மீன்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன.

கெண்டை, ரோகு, மிருகால், சிலேபி போன்றவற்றுக்குக் காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பு கிடையாது. செவுளை நம்பியே வாழ்கின்றன. செவுளின் வேலை எவ்வளவு கடினம் என்பதை எண்களில் பார்த்தால்தான் புரியும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் முழுக் கொள்ளளவுக்கு வாங்கினாலும் 7.5 மில்லிகிராம்தான் தாங்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக வாங்கும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம். ஆகவே நம் ஊர் மீன், குளிர்நாட்டு மீனைவிடக் குறைந்த முதலில் வாழ்க்கையைத் தொடங்குகிறது. வெப்பம் ஏற ஏற அதன் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் கூடுகிறது என்பது இன்னொரு சுமை.

காற்றிலிருக்கும் ஆக்சிஜன் தண்ணீருக்குள் இறங்குவதும் மிக மெதுவாகத்தான். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், அசையாத நீரில் அது பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. காற்று வீசினாலோ, நீர் ஓடினாலோ, கலங்கலில் விழுந்தாலோ மேல்நீரும் கீழ்நீரும் கலந்துகொள்ளும். அசைவற்ற இரவில் என்ன ஆகும்? காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் சில மில்லிமீட்டர் கனமுள்ள மேல்தோலில் மட்டும் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும். அதற்குக் கீழே ஏரி வெறுமையாகிவிடும். கெண்டையும் சிலேபியும் வந்து ஒட்டிக்கொள்வது அந்த மெல்லிய தோலில்தான். அவை காற்றைக் குடிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் மேல்நீரை வாயால் வழித்து வழித்துச் செவுளுக்குள் செலுத்துகின்றன. கிராமர், மெக்ளூர் என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட கட்டுரை, வெப்பமண்டல நன்னீர் மீன்களிடையே இந்த 'மேல்நீர்ச் சுவாசம்' எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டியது. காற்றுச் சுவாச உறுப்பில்லாத மீன்களுக்கு இதுதான் கடைசி வழி.

கடைசி வழி என்று சொல்லக் காரணம் உண்டு. மேலே வந்த மீன் கொக்குக்கும் நாரைக்கும் மீன்கொத்திக்கும் எதிரில் வந்து நிற்கிறது. அந்த ஆபத்து மீனின் உடம்புக்கே தெரியும். கீழே மூச்சுவிட முடிகிறவரை அது மேலே வராது. ஆகவே நிழல் விழுந்தும் ஓடாத மீன், கொக்கின் அலகைவிடக் கீழேயிருக்கும் தண்ணீரே கொடியது என்று முடிவு செய்துவிட்ட மீன். குறிப்பாக மிருகாலைப் பாருங்கள். அடிச்சேற்றில் மேயும் மீன் அது. வாயே கீழ்நோக்கித்தான் இருக்கும். அது நீர்மட்டத்தில் வந்து வாய் பிளந்தால், அடியிலிருந்து நுனிவரை ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். மீன் வளர்ப்பவர்களின் கண் முதலில் தேடுவதும் மிருகாலைத்தான்.

சரி, ஏன் விடியலில்? பகலெல்லாம் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. பச்சைப் பசேலென்ற ஏரியில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் லிட்டருக்கு 12, 15 மில்லிகிராம்கூட வரும். தண்ணீரின் இயல்பான கொள்ளளவைப்போல இரு மடங்கு. பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடுகிறது. ஆனால் மூச்சுவிடுவது நிற்பதில்லை. பாசியும் மீனும் புழுவும் சேற்றிலுள்ள பாக்டீரியாவும் இரவு முழுக்கச் செலவு செய்துகொண்டே இருக்கின்றன. சேமித்ததெல்லாம் கரைந்து சூரியன் உதிக்கும் தறுவாயில் கையிருப்பு மிகக் குறைகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெண்டை இனங்கள் நன்றாக வளரும். 2க்குக் கீழே இறங்கினால் தவிக்கும். 1க்குக் கீழே சில மணி நேரம் நீடித்தால் சாகத் தொடங்கும். பிற்பகலில் 15 காட்டிய அதே ஏரி விடியலில் 1 காட்டக்கூடும். பாசி எவ்வளவு தடிக்கிறதோ அவ்வளவுக்கு இந்த ஏற்றமும் இறக்கமும் மூர்க்கமாகும்.

பிற்பகலும் மீனுக்கு நிம்மதியில்லை. ஒளிச்சேர்க்கை கரியமில வாயுவை உறிஞ்சுவதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. கழிவுநீரோடு வரும் அம்மோனியா பெரும்பாலும் அவ்வளவு தீங்கில்லாத வடிவில் இருக்கும். காரம் ஏறினால் நஞ்சாக மாறும். 30 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 9 ஆனால் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு. பகலில் செவுளை அரிக்கும் அம்மோனியா, இரவில் ஆக்சிஜன் பஞ்சம். ஒன்றிலிருந்து தப்பினால் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிற வாழ்க்கை.

பாசியை இப்படித் தடிக்க வைப்பது எது? தென்சென்னைப் புறநகரைப் பொறுத்தவரை விடை வீட்டுக் கழிவுநீர். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரம். உரமாவதோடு கழிவுநீர் நேரடியாகவும் ஆக்சிஜனைத் தின்கிறது. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டர் சிதைந்து முடிய 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 225 என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு லிட்டர், சுத்தமான ஏரிநீர் 30 லிட்டரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் தின்று தீர்த்துவிடும். ஒரு குடும்பம் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவுநீரை இந்தக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். பிறகு ஒரு தெருவுக்கு, ஒரு வார்டுக்கு.

தாம்பரம் மாநகராட்சி 2021இல்தான் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. இந்த ஊர்களில் வீடுகள் முளைத்த வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. மழைநீர் வடிகாலே பல தெருக்களில் கழிவுநீர்க் கால்வாயாக ஓடுகிறது. வடிகால் போய் முடியுமிடம் ஏரி. தனித்தனி ஏரிகளாக நாம் நினைப்பவை ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கத்து நீர் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போய்ச் சேரும். 2022இல் ராம்சார் தகுதி பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தின் நலம் மேலேயிருக்கும் ஒவ்வொரு கலங்கலிலும் தீர்மானிக்கப்படுகிறது.

அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இவை வேளாண்மைக்காக வெட்டப்பட்ட ஏரிகள். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, மதகு வழியாக வயலுக்குப் பாய்ந்து, சித்திரை வைகாசியில் வற்றிவிடும். நீர் குறையும்போது மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் வலை வீசி அள்ளுவார்கள். மிஞ்சியதை ஊரே இறங்கிப் பிடிக்கும். வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். தரை வெடித்துக் காய, சேற்றில் தேங்கிய கழிவெல்லாம் வெயிலிலும் காற்றிலும் எரிந்து தீரும். விரால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். புதுவெள்ளம் வந்ததும் மீன்கள் நீரை எதிர்த்து வாய்க்கால் வழியே ஏறும். ஒவ்வோர் ஆண்டும் ஏரி தன் கணக்கைத் தீர்த்துவிட்டுப் புதுக்கணக்கு எழுதியது. இப்போது வயல் இல்லை, மதகு திறக்கும் வேலையும் இல்லை. கழிவுநீர் வந்துகொண்டே இருப்பதால் பல ஏரிகள் கோடையிலும் தண்ணீரோடு நிற்கின்றன. 2019 போன்ற கடும் வறட்சி வந்தால்தான் தரையைக் காண முடிகிறது. "எங்க ஏரி வத்தவே வத்தாது" என்று பெருமையாகச் சொல்கிறோம். வற்றாத ஏரியின் அடிச்சேறு ஆண்டுக்கணக்கில் காற்றைப் பார்க்காமல் கறுத்துக் கிடக்கிறது. குச்சியால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். அது ஹைட்ரஜன் சல்பைடு, செவுளுக்குக் கொடிய நஞ்சு.

அந்தக் கறுப்புச் சேறுதான் மழைநாளில் மீனைக் கொல்கிறது. கொளுத்தும் கோடையில் பிழைத்த மீன், வானம் குளிர்ந்து மழை பெய்த மறுநாள் செத்து மிதப்பது ஏன் என்று பலரும் குழம்புகிறார்கள். நஞ்சு கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு உடனே கிளம்புகிறது. நடப்பது வேறு. வெயில் நாட்களில் சூடான மேல்நீர் எடை குறைந்து மேலே நிற்க, குளிர்ந்த அடிநீர் கலக்காமல் கீழே கிடக்கும். திடீர் மழையும் காற்றும் மேல்நீரைக் குளிர்வித்து எல்லாவற்றையும் புரட்டிப் போடும்போது, ஆக்சிஜனற்ற அடிநீரும் சேற்று வாயுக்களும் ஏரி முழுக்கப் பரவிவிடும். வடிகால்களில் மாதக்கணக்கில் தேங்கிய கழிவையும் முதல் மழை ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். இரண்டு மூன்று நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் பாசியின் உற்பத்தியும் படுத்துவிடும். மூன்றும் ஒன்றாக வரும் ஐப்பசி விடியல்கள் மீனுக்கு ஆபத்தானவை.

ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் மெனிண்டி என்ற இடத்தில் 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் பெருந்திரளாக மீன்கள் இறந்தபோது விசாரணைக் குழுக்கள் கண்டதும் இதே வரிசைதான்: தேங்கிய நீர், பாசிப் பெருக்கம், வெப்ப அடுக்கு, திடீர்க் குளிர்காற்று, புரட்டல். பக்கத்து ஊரான பெங்களூருவில் 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே நாளில் கரையொதுங்கியபோது கழிவுநீரும் ஆக்சிஜன் வீழ்ச்சியும்தான் பேசப்பட்டன.

செத்த மீனைப் பார்த்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆக்சிஜன் பஞ்சமானால் பெரிய மீன்கள் முதலில் சாகும்; சிறியவை மேல்தோலைப் பயன்படுத்திக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். விராலும் தேளியும் பனையேறியும் பெரும்பாலும் தப்பிவிடும். சாவு விடியலையொட்டி நிகழும். பூச்சிமருந்தோ ஆலைக்கழிவோ என்றால் நேரம் பார்க்காது, பெரியது சிறியது பார்க்காது. நத்தையும் நீர்ப்பூச்சியும்கூடச் சேர்ந்து சாகும். உடம்பில் சிவந்த புண்களோடு மீன்கள் சோர்ந்து மிதந்தால் அது வேறு கதை; 1988இல் நாட்டின் வடகிழக்கு வழியே இந்தியாவுக்குள் வந்து பின்னர் தெற்கிலும் பரவிய பூஞ்சைப் புண்நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். 'யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்' என்று பேசி முடித்துவிட்டால் ஒருவரைத் தேடிவிட்டு மறந்துவிடுவோம். கழிவுநீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும்.

தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888இல் கண்டது. இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள். 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டியைக் காற்றுக் குமிழி புகாமல் ஏரிநீரால் நிரப்ப வேண்டும். மாங்கனீசு சல்பேட்டு, அடுத்துக் காரம் கலந்த அயோடைடு என்று இரண்டு கரைசல்களைச் சில துளி அடியில் விட்டு, மூடி, தலைகீழாகப் புரட்ட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் புட்டிக்குள் பழுப்பு வண்டல் திரளும். இல்லையென்றால் வண்டல் வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலம் விட்டு, மாவுக்கரைசலின் நீலநிறம் மறையும்வரை தையோசல்பேட்டு சொட்டிக் கணக்கிட்டால் அளவும் கிடைக்கும். ஆனால் முதல் பதிலுக்கு அந்த நிறமே போதும். விடியலில் மீன் வாய் பிளக்கும் ஓர் ஏரியில் நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே நிரப்பிய புட்டியில் வெள்ளை வண்டலைக் கண்ட பள்ளி மாணவருக்குச் சூழலியலைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையிருக்காது.

நேரம் இதில் உயிர்நாடி. மீன்வளத்துக்கும் காட்டுயிருக்கும் ஏற்ற நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள 'டி' பிரிவுக்கு ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பாசி பிடித்த ஓர் ஏரியில் காலை பதினொரு மணிக்கு மாதிரி எடுத்தால் இந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். அறிக்கையில் ஏரி தேறிவிடும். அன்று விடியலில் மீன் செத்திருந்தாலும் தேறிவிடும். அலுவலக நேரத்தில் எடுக்கும் அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு புறநகர் ஏரியை நலமாக இருக்கிறது என்று சான்று தருவது தவறு என்பேன். எந்த அளவைக் குறித்தாலும் பக்கத்தில் மணியையும் குறிக்க வேண்டும். விடியலுக்கு முந்தைய அளவு ஒன்றாவது கட்டாயமாக இருக்க வேண்டும்.

மீன் வளர்ப்பவர்கள் இதையெல்லாம் அறிக்கை பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. விடியலில் குட்டைக்கரைக்குப் போவது அவர்களது முதல் வேலை. மீன் மேலே நின்றால் அன்று தீவனம் கிடையாது, சாணம் கிடையாது. ஏரேட்டரை ஓடவிடுவார்கள், அது இல்லாதவர்கள் போர்த் தண்ணீரை உயரத்திலிருந்து விழும்படி பாய்ச்சுவார்கள், மூங்கிலால் தண்ணீரை அடிப்பார்கள். பாசி தடித்துவிட்டதா என்று பார்க்கக் கையை நீட்டி நீருக்குள் இறக்குவார்கள். முழங்கை நனைவதற்குள் உள்ளங்கை கண்ணுக்கு மறைந்துவிட்டால் ஆபத்து. ஓர் ஏக்கர் குட்டையில் முதல் போட்டவருக்கு இருக்கும் இந்தக் கண், நூறு ஏக்கர் ஏரிக்குப் பொறுப்பான அமைப்புகளுக்கும் வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

மீன் இருக்கிறதே என்ற வாதத்துக்கு மறுபடி வருகிறேன். எந்த மீன் மிஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். சிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். மிகக் குறைந்த ஆக்சிஜனையும் தாங்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றையே சுவாசிக்கும், கிடைத்ததையெல்லாம் தின்னும். அரசு தடை செய்தும் நீர்நிலைகளில் நுழைந்துவிட்டது. ஒவ்வொரு மோசமான விடியலும் நாட்டுக் கெண்டைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டு இவற்றுக்கு இடம் கொடுக்கிறது. வலை நிறைய மீன் விழுவதாலேயே ஏரி நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஏரிகளை மீட்கும் முயற்சிகள் இப்பகுதியில் உண்மையாகவே நடந்துள்ளன. பரப்பில் ஏறத்தாழ பாதியை இழந்துவிட்ட சிட்லபாக்கம் ஏரிக்காக அங்குள்ள குடியிருப்போர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2019 வறட்சியில் தாங்களே இறங்கிச் சுத்தமும் செய்தார்கள். செம்பாக்கம் ஏரியில் தி நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி ஆகியவற்றோடு சேர்ந்து சீரமைப்பில் இறங்கியது. இவற்றை மதிக்கிறேன். பொதுவாக ஏரிச் சீரமைப்பு என்றதும் நடைபாதை, விளக்கு, வேலி, நடுவே ஒரு நீரூற்று என்று திட்டம் போவதுதான் வருத்தம். நீரூற்று தன்னைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு ஆக்சிஜன் தரும். அதையும் மாலையில் பார்வையாளர்களுக்காக ஓட்டிவிட்டு, மீனுக்குத் தேவைப்படும் நள்ளிரவு முதல் விடியல்வரை நிறுத்திவிடுகிறார்கள். ஆகாயத்தாமரை படர்ந்தால் மீனுக்கிருந்த கடைசி மேல்தோலும் மூடப்படுகிறது. அதை அள்ளிக் கரையிலேயே போட்டால் அழுகி மீண்டும் தண்ணீருக்குள்தான் இறங்கும். புண்ணியம் என்று மூட்டை மூட்டையாக இறைக்கும் பொரியும் ரொட்டியும் தின்றது போக அடியில் அழுகுகின்றன. மேலே வந்து தவிக்கும் மீனுக்குப் பசி என்று நினைத்துத் தீனி போடுவது அதன் மூச்சை இன்னும் இறுக்குகிறது.

வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குள் இறங்கும் ஒவ்வொரு வாயும் அடைபட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அதுவரை, ஏரிக்கரையில் நடக்கிற நீங்கள் ஒன்று செய்யலாம். ஐந்து மணியிலிருந்து ஆறு மணிக்குள் தண்ணீரை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கையை ஆட்டியும் ஓடாமல் மீன்கள் வாய் பிளந்து நின்றால், தேதி, மணி, இடம், முந்தைய நாள் மழை பெய்ததா என்பதை எழுதி, ஒரு படத்தோடு மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அன்றே அனுப்புங்கள். மீன் உயிரோடு இருக்கும்போது அனுப்புங்கள். செத்து மிதந்த பிறகு அனுப்பும் படத்துக்குக் கிடைப்பது மீனை அள்ளிப்போக ஒரு லாரி மட்டுமே.